ஏன் அப்பவே சொல்லல?

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், சிறுமியாக இருந்தபோது நெருங்கிய உறவினர் ஒருவர் தன்னிடம் நடந்துகொண்ட விதத்தை முதல்முறையாக வீட்டில் சொல்கிறாள். கேட்பவர்கள் வாயில் முதலில் வருவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “ஏன் அப்பவே சொல்லல?” மலாக்காவில் ரெம்பியாவின் தாமான் குடியிருப்பு வீடானாலும், அலோர் காஜா பக்கத்துத் தோட்டமானாலும், சென்னையின் அடுக்குமாடி வீடானாலும் கேள்வி மாறுவதில்லை. அதன் பின்னாலேயே அடுத்ததும் வந்துவிடும்: “இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு?”

கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. கீழே விழுந்த பிள்ளை உடனே அழுகிறது. பணம் திருடு போனால் அன்றைக்கே போலீஸ் நிலையத்துக்குப் போகிறோம். இந்த அன்றாட அனுபவம் மனத்துக்குள் ஒரு கணக்கைப் போட்டுவைத்திருக்கிறது. உண்மையான துன்பம் உடனே வெளியே வந்துவிடும், தாமதமாக வருவதைச் சந்தேகப்பட வேண்டும் என்பது அந்தக் கணக்கு. அறிவியல் பார்வையில் இது ஒரு கருதுகோள். கருதுகோளைச் சோதித்துப் பார்க்க முடியும். 40 ஆண்டுகளுக்கு மேலாக உளவியலாளர்களும் மருத்துவர்களும் அதைப் பல வழிகளில் சோதித்திருக்கிறார்கள். கிடைத்த விடை அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. குழந்தைப் பருவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் அந்த வயதில் யாரிடமும் சொல்வதில்லை. தாமதம்தான் வழக்கம், உடனே சொல்வோர் குறைவு.

இதை முகத்தோடும் பெயரோடும் வெளியில் சொன்ன தமிழ்நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். சென்னையில் பிறந்த பூர்ணிமா கோவிந்தராஜுலு, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் தவளை முதலான நீர்நில உயிர்களைப் பாதுகாக்கும் பணியில் இருந்த உயிரியலாளர். ஆறு வயது முதல் பதின்மூன்று வயது வரை உறவினர் ஒருவரால் பாலியல் வன்முறைக்கு ஆளானதாக அவர் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பொதுவெளியில் பேசினார். அத்தனை ஆண்டுகள் கழித்துப் புகார் கொடுக்கச் சென்னையில் வழி கிடைக்காததால், சட்டம் தெளிவாக வேண்டும் என்று கேட்டு மனு இயக்கம் நடத்தினார். 2018-இல் அப்போதைய மத்திய அமைச்சர் மேனகா காந்தியையும் சந்தித்தார். அந்த ஆண்டு அக்டோபரில் இந்தியச் சட்ட அமைச்சகம் ஒரு விளக்கம் தந்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் கீழ்ப் புகார் கொடுக்கக் காலவரம்பு கிடையாது என்றது அந்த விளக்கம்.

2023 மார்ச் மாதம் நடிகை குஷ்பு சுந்தர் ஒரு மேடைப் பேட்டியில், தம் தந்தையால் எட்டு வயதிலிருந்து வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார். எதிர்த்துப் பேசும் துணிச்சல் பதினைந்து வயதில்தான் வந்தது என்றும், தாய் நம்பமாட்டாரோ என்ற பயம் அதுவரை வாயைக் கட்டியிருந்தது என்றும் விளக்கினார். அந்தப் பயத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். யார் கேட்பார்கள், கேட்டவர்கள் நம்புவார்களா என்ற கணக்கு, ஆய்வுகள் நெடுகத் திரும்பத் திரும்ப வருகிறது.

எண்ணும் முறை மாறினால் எண்ணும் மாறும்

வெளியே தெரியாத ஒன்றை எண்ணுவது எப்படி? இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில், மருத்துவர், ஆசிரியர், சமூகநல அதிகாரி போன்றோரின் கவனத்துக்கு வந்த சம்பவங்களைக் கணக்கெடுக்கலாம். இரண்டாவது வழியில், வளர்ந்தவர்களிடமோ பிள்ளைகளிடமோ பெயர் கேட்காமல், அவர்களுக்கு என்ன நடந்தது என்று நேரடியாகக் கேட்கலாம்.

நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் மரியே ஸ்டோல்டன்போர்க்கும் அவருடைய குழுவினரும் உலகம் முழுவதும் நடந்த 217 ஆய்வு வெளியீடுகளைத் திரட்டி, 2011-இல் இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிட்டார்கள். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து ஒரே கணக்காக்கும் இந்த முறையைத் தொகுப்பாய்வு என்பார்கள். அதிகாரிகளின் கவனத்துக்கு வந்ததை மட்டும் எண்ணினால் ஆயிரத்துக்கு 4 பேர். நேரடியாகக் கேட்டால் ஆயிரத்துக்கு 127 பேர். பெண்களில் 180, ஆண்களில் 76. இரண்டு வழிகளுக்கும் இடையே ஏறக்குறைய முப்பது மடங்கு வித்தியாசம். ஊரில் யாரும் சொல்லிக் கேள்விப்படவில்லை என்பதால் ஊரில் இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

மலேசியாவிலும் இரண்டாவது வழியில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. தாதியர், மருத்துவ உதவியாளர் போன்ற துணை மருத்துவப் பணிகளுக்குப் பயிற்சி பெற்ற 616 மாணவர்களிடம் எழுத்து மூலம் கேட்டார்கள். முடிவு 1996-இல் வெளியானது. 6.8 விழுக்காட்டினர் குழந்தைப் பருவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானதாக எழுதியிருந்தார்கள், பெண்களில் 8.3, ஆண்களில் 2.1. பத்தில் ஏழு பேருக்கு, செய்தவர் முன்பே தெரிந்தவர். சகோதரர்களும் உறவினர்களும் குடும்ப நண்பர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.   

இது ஏழைகளின் பிரச்சினை, தோட்டத்துப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அனுஜா குப்தா 1996-இல் டில்லியில் தொடங்கிய ராஹி அமைப்பு, இந்திய நகரங்களில் ஆங்கிலம் பேசும் நடுத்தர, மேல்தட்டுப் பெண்கள் 600 பேரிடம் கேட்டு 1998-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 76 விழுக்காட்டினர் குழந்தைப் பருவத்திலோ பதின்பருவத்திலோ ஏதோ ஒரு வகைப் பாலியல் வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். விரும்பிப் பதில் எழுதியவர்களிடமிருந்து வந்த எண் என்பதால் எல்லாப் பெண்களுக்கும் இதைப் பொதுவாக்கக் கூடாது. ஆனால் படிப்பும் வசதியும் மட்டுமே காப்பாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அதில் இடமில்லை.

சொல்லாமல் இருப்பதன் உள்விதி

1983-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட், தாம் கண்ட பிள்ளைகளின் அனுபவங்களை வைத்து ஒரு வரிசையை எழுதினார். முதலில் இரகசியம்: செய்பவர் தனிமையிலேயே செய்கிறார், வெளியே சொன்னால் குடும்பம் உடைந்துவிடும் என்கிறார். அடுத்தது இயலாமை: பெரியவர் சொன்னால் கேட்க வேண்டும் என்றே அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது, சிக்கிக்கொண்டு பழகிப்போதல். தப்பிக்க வழியில்லாத வீட்டில், ‘நான்தான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன்’ என்று நம்பிக்கொள்வதே பிள்ளைக்கு மிஞ்சும் ஒரே வழியாகிறது. நான்காவது, தாமதமாகவும் முன்னுக்குப் பின்னாகவும் வெளிப்படும் சொல். ஐந்தாவது, வீட்டில் எழும் புயலைப் பார்த்துப் பயந்து, சொன்னதைத் திரும்பப் பெறுதல். இந்தக் கடைசிப் படி எவ்வளவு பரவலானது என்பதில் பிற்கால ஆய்வாளர்கள் சம்மிட்டோடு உடன்படவில்லை. தாமதத்தைப் பற்றி அவர் சொன்னது மட்டும் அசையாமல் நின்றது. 2005-இல் கமலா லண்டனும் மேகி பிரக்கும் மற்றச் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிப் பார்த்தபோது, வன்முறைக்கு ஆளான பெரியவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே குழந்தைப் பருவத்தில் யாரிடமாவது சொன்னதாக நினைவுகூர்ந்தார்கள்.

குடும்பத்துக்குள் நடந்தால் வாய் இன்னும் இறுகுவது ஏன்? ஜெனிஃபர் ஃப்ரெய்ட் என்ற உளவியலாளர் 1990-களில் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார். அதைத் தமிழில் துரோகக் காயம் எனலாம். ஏமாற்றுபவரைக் கண்டறிந்து விலகுவது மனிதருக்கு இயல்பான திறன். ஆனால் சோறும் கூரையும் பள்ளிக் கட்டணமும் அதே ஆளிடமிருந்தோ, அவரைச் சார்ந்தவர்களிடமிருந்தோ வரும்போது, விலகினால் பிள்ளையால் பிழைக்க முடியாது. உயிர்வாழ அந்தப் பிணைப்பு வேண்டும். பிணைப்பு நீடிக்க வேண்டுமானால், தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ள வேண்டும். மனம் இந்த இரண்டில் பிணைப்பையே தேர்கிறது என்பது ஃப்ரெய்டின் வாதம்.

மலாக்காவின் தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்த வாதம் அந்நியமாகப் படாது. பொழுது விடியும் முன்பே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறும்வரை ரப்பர்ப் பால்மரம் வெட்டிய அப்பா அம்மாக்கள், பிள்ளைகளை ஆயாக்கொட்டகையிலோ வீட்டிலிருந்த உறவினரிடமோ விட்டுத்தான் போனார்கள். அந்த உறவினர் இல்லாவிட்டால் ஒரு நாள் கூலி போகும். லயத்து வீடுகளுக்கு நடுச்சுவர்தான் எல்லை. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் மாமாவோ பெரியப்பாவோ ஆகிவிடுவார்கள். அந்த நெருக்கம் பல குடும்பங்களை வறுமையிலிருந்து தூக்கி நிறுத்தியது. யாரோ ஒருவர் அதைத் தவறாகப் பயன்படுத்தும்போது, அதே நெருக்கம் பிள்ளையின் வாயை அடைத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த பிறகும், வேலைக்குப் போகும் பெற்றோர் உறவினரை நம்பும் நிலை மாறவில்லை.

பதிவேட்டிலிருந்து தொடங்கிய ஆய்வு

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். பெரியவர்களிடம் பழையதைக் கேட்டுத்தானே இவ்வளவும் சொல்கிறார்கள்? அவர்கள் நினைவு சரியென்று எப்படித் தெரியும்?

அமெரிக்க ஆய்வாளர் லிண்டா மேயர் வில்லியம்ஸ் இந்தச் சந்தேகத்தை மறுமுனையிலிருந்து அணுகினார். 1970-களின் நடுவில், பாலியல் வன்முறைக்கு ஆளானதாக ஒரு பெருநகர மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட சிறுமிகளின் பதிவேடுகள் இருந்தன. நடந்தது என்ன, யார் செய்தது என்பதெல்லாம் அன்றைக்கே எழுதப்பட்டவை. சுமார் 17 ஆண்டுகள் கழித்து அவர்களில் 129 பேரைத் தேடிக் கண்டுபிடித்து, சிறுவயதில் அந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற பெண்களின் நலம் பற்றிய ஆய்வு என்று சொல்லி, நீண்ட நேரம் பேட்டி எடுத்தார்கள். பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் சொல்லவில்லை.

1994-இல் வெளியான முடிவில், 38 விழுக்காட்டுப் பெண்கள் பதிவேட்டிலிருந்த அந்தச் சம்பவத்தைக் குறிப்பிடவே இல்லை. வெட்கத்தால் மறைத்திருப்பார்களோ? அப்படியானால் மற்றதையும் மறைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள், குழந்தைப் பருவத்தில் தங்களுக்கு நடந்த வேறு பாலியல் வன்முறைகளைத் தயங்காமல் சொன்னார்கள். சம்பவத்தின்போது வயது குறைவாக இருந்தவர்களும், தெரிந்த ஆளால் பாதிக்கப்பட்டவர்களுமே அதிகமாக நினைவின்றி இருந்தார்கள். இரண்டாவது கண்டுபிடிப்பு ஃப்ரெய்டின் துரோகக் காயக் கருத்தோடு ஒத்துப்போகிறது.

உளவியலாளர் கெயில் குட்மன் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வு வேறு ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டது. இவர்கள் சிறுவயதில் நீதிமன்ற வழக்குவரை போனவர்கள், 175 பேர். ஏறக்குறைய 13 ஆண்டுகள் கழித்து அவர்களில் 81 விழுக்காட்டினர் அந்தச் சம்பவத்தைச் சொன்னார்கள். வழக்கு, விசாரணை என்று ஊரறிய நடந்த விஷயம் நினைவில் தங்குவது இயல்பே. இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அன்று சொன்னபோது தாயின் துணை கிடைத்தவர்கள், பின்னாளில் அதைச் சொல்வதற்கான வாய்ப்பு கூடுதலாக உள்ளவர்களாக இருந்தார்கள். இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. பலர் மறப்பதில்லை, மறக்காமலேயே பேசாமல் இருக்கிறார்கள். சிலருக்கு நினைவு நீண்ட காலம் எட்டாமல் போகிறது. எட்டாமல் போனதாலேயே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. பதிவேடு அங்கே இருக்கிறது.

எட்டாத நினைவு பிறகு ஏன் திரும்புகிறது, பேசாதவர் பிறகு ஏன் பேசுகிறார்? பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கத்தி ஆழமாகப் பாய்ந்து உள்மரத்தைக் காயப்படுத்திவிட்டால், மேலே புதுப்பட்டை வளர்ந்து மூடிக்கொள்ளும். ஆனால் அந்த இடம் முடிச்சும் மேடுமாக ஆறும். பல வருடம் கழித்து, பட்டை முற்றி, அதே பக்கத்தை மறுபடி வெட்டவரும்போதுதான் கத்தி அந்த முடிச்சில் போய் முட்டும். காயம் பட்டபோது அங்கே இல்லாத ஆளும்கூட அதைத் தொட்டு உணரலாம். மனித வாழ்க்கையும் சில கட்டங்களில் பழைய இடத்துக்குத் திரும்பி வருகிறது. தன் மகள், தனக்கு நடந்த அதே வயதை அடைகிறாள். அந்த உறவினர் இறக்கிறார், அல்லது குடும்ப விசேஷம் ஒன்றில் அவரை மேடையேற்றி மாலை போடுகிறார்கள். அதே ஆளிடம் அடுத்த தலைமுறைப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். இத்தனை வருடம் பேசாதவர்கள் பேசத் தொடங்குவது இப்படிப்பட்ட நேரங்களில்தான். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை, பள்ளி, தேவாலயம் போன்ற அமைப்புகளில் நடந்த கொடுமைகளை விசாரித்த அரச ஆணையத்தின் முன் வந்து பேசியவர்கள், முதல்முறை யாரிடமாவது சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டுகள்.

பொய் நினைவு உண்டா?

உண்டு. அதை மறைப்பது பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவாது. எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995-இல் தம் மாணவியுடன் வெளியிட்ட ஆய்வில், 24 பேரிடம் அவர்களுடைய சிறுவயதுச் சம்பவங்கள் என்று நான்கு கதைகள் தரப்பட்டன. மூன்று உண்மை; ஒன்று, கடைத்தொகுதி ஒன்றில் தொலைந்துபோனதாக இட்டுக்கட்டியது. ஏறக்குறைய கால்வாசிப் பேர் அந்தப் பொய்க் கதையை முழுமையாகவோ பகுதியாகவோ ‘நினைவுகூர்ந்தார்கள்’. நினைவு அச்சடித்த படம் அல்ல; ஒவ்வொரு முறையும் மறுபடி கட்டப்படுவது. கட்டும்போது வெளியிலிருந்து ஒரு கல்லை யாராவது நீட்டினால் அதையும் வைத்துக் கட்டிவிடும்.

அப்படியானால் தாமதமாக வரும் நினைவை எப்படி மதிப்பிடுவது? உளவியலாளர் எல்கே கெரார்ட்ஸ் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகவே பதில் தேடியது. குழந்தைப் பருவ வன்முறையை நினைவுகூர்ந்தவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, வேறு சாட்சியோ, செய்தவரின் ஒப்புதலோ, அதே ஆளால் பாதிக்கப்பட்ட இன்னொருவரோ கிடைக்கிறாரா என்று சரிபார்த்தார்கள். எப்போதும் மறக்காதவர்களில் 45 விழுக்காட்டினருக்கு அப்படி ஓர் ஆதாரம் கிடைத்தது. சிகிச்சைக்கு வெளியே, தானாக நினைவு திரும்பியவர்களில் 37 விழுக்காட்டினருக்குக் கிடைத்தது. சிகிச்சையின்போது, நினைவைத் தோண்டி எடுக்கும் முயற்சியில் ‘மீட்கப்பட்ட’ நினைவுகளில் ஒன்றுக்குக்கூடக் கிடைக்கவில்லை. கால இடைவெளியால் நினைவின் நம்பகம் பெரிதாகக் குறையவில்லை. யாராவது அதை விதைக்க முயன்றார்களா என்பதே முக்கியம் என்று இந்த ஒப்பீடு காட்டுகிறது. ஆலோசகருக்கும் உறவினருக்கும் இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. “அவர்தானே செய்தார்?” என்று விடையை உள்ளே வைத்துக் கேட்கக் கூடாது. “என்ன நடந்தது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

உடலில் தங்கும் கணக்கு

1985-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் உடற்பருமன் குறைக்கும் மருத்துவப் பிரிவை நடத்தி வந்த வின்சென்ட் ஃபெலிட்டிக்கு ஒரு புதிர் இருந்தது. நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களை அழைத்து விரிவாகப் பேசியபோது, அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. சிலருக்குப் பருத்த உடல் ஒரு பாதுகாப்பாக இருந்தது. மற்றவர் பார்வை தம்மேல் விழாமல் அது தடுத்தது.

பிறகு ஆய்வாளர் ராபர்ட் அண்டாவுடன் சேர்ந்து அவர் நடத்திய பெரிய ஆய்வின் முதல் முடிவுகள் 1998-இல் வந்தன. வன்முறை, வீட்டில் குடிப்பழக்கம், தாய்க்கு அடி என்று குழந்தைப் பருவத் துன்பங்களை வகைவகையாகப் பிரித்து, ஆயிரக்கணக்கானோரிடம் எத்தனை வகை நேர்ந்தது என்று எண்ணினார்கள். நான்கோ அதற்கு மேற்பட்ட வகைகளோ சந்தித்தவர்களுக்கு, ஒன்றும் சந்திக்காதவர்களைவிடக் குடிப்பழக்கம், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்குவரை கூடியிருந்தது. கேட்டதும் பயம் வரும். ஆனால் அபாயம் கூடுவது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஒருவரின் தலைவிதியை அது எழுதுவதில்லை. அதே துன்பங்களைக் கடந்து நலமாக இருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு உதவியவை எவை என்று தேடியபோது, நம்பி நின்ற ஒரு பெரியவர் என்ற விடை திரும்பத் திரும்ப வந்தது.

சொல்வதே மருந்தாகுமா என்ற கேள்விக்கும் ஆய்வுகள் உண்டு. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் பல்கலைக்கழக மாணவர்களை, தங்கள் வாழ்வின் மிகக் கடினமான அனுபவத்தைப் பற்றி நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதச் சொன்னார். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் முதலில் மனம் கனத்துப் போனார்கள். அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரைப் பார்க்கப் போனது குறைந்தது. எழுதுவது தாளிடம் சொல்வது. தாள் திருப்பிப் பேசாது. ஆனால் மனிதர்கள் பேசுவார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் வெளியே சொன்னபோது கிடைத்த எதிர்வினைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சாரா உல்மன், குற்றம் சாட்டும், வாயடைக்கும் எதிர்வினைகளைச் சந்தித்தவர்களுக்கு அதிர்ச்சியின் பின்விளைவுகள் கடுமையாக இருந்ததைக் கண்டார். சொன்னவருக்கு நலம் கூடுவதும் குறைவதும் கேட்டவரின் முதல் சில வாக்கியங்களையும் பொறுத்தது. “குடும்ப மானம் என்ன ஆகும்?”, “செத்துப்போனவரைப் பத்தி இப்ப எதுக்கு?” போன்றவை அந்த வாயடைக்கும் வகையில் சேரும். “நம்புறேன். உன் தப்பு இல்ல. இப்ப உனக்கு என்ன வேணும்?” போன்றவை எதிர் வகை. இவற்றைச் சொல்லப் பட்டம் எதுவும் தேவையில்லை.

ஆண்களின் கதையும் இதில் உண்டு. சென்னையில் 2004 முதல் இயங்கும் துளிர் அமைப்பு, நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் 2,211 பேரிடம் நடத்திய ஆய்வில், ஏதோ ஒரு வகையில் பாலியல் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்ன ஆண்பிள்ளைகள் 48 விழுக்காடு, பெண்பிள்ளைகள் 39 விழுக்காடு. மலேசிய மாணவர் ஆய்வின் 2.1-க்கும் இதற்கும் உள்ள இடைவெளி மலையளவு. வயது, கேள்வியின் சொற்கள், எதையெல்லாம் வன்முறையில் சேர்ப்பது என்ற வரையறை எல்லாம் மாறும்போது எண்ணும் மாறும். ‘ஆம்பளப் பிள்ளைக்கு என்ன ஆகப்போகுது’ என்று கேட்டு வளர்ந்தவர்களிடம் கவனமாகக் கேட்காவிட்டால் பதில் வராது.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது

மலேசியாவில் குழந்தை வன்முறை மருத்துவத்தின் வேர் கோலாலம்பூர் மருத்துவமனையில் இருக்கிறது. வன்முறைக்கு ஆளானதாகச் சந்தேகிக்கப்படும் பிள்ளைகளைக் கவனிக்க, மருத்துவரும் சமூகப் பணியாளரும் சேர்ந்த சிறப்புக் குழு அங்கே 1985-இல் அமைந்தது. பல துறை உதவிகளை ஒரே இடத்தில் தரும் நெருக்கடி உதவி மையம் 1994-இல் அதே மருத்துவமனையில் தொடங்கி, பிறகு நாட்டின் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது.

2016 ஜூனில் லண்டன் நீதிமன்றம் ரிச்சர்ட் ஹக்கிள் என்ற பிரிட்டிஷ்காரருக்கு, பெரும்பாலும் மலேசியப் பிள்ளைகளைச் சீரழித்த குற்றங்களுக்காக 22 ஆயுள் தண்டனைகள் விதித்தது. கோலாலம்பூரின் ஏழைக் குடும்பங்களுக்குள் உதவிக்கரம் நீட்டுபவர்போல் நுழைந்தவர் அவர். எழுந்த கொதிப்பில், 2017-இல் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், அதாவது சட்டம் 792, நடைமுறைக்கு வந்தது. புத்ராஜெயாவில் தனி நீதிமன்றமும் தொடங்கியது. ஒரு வெளிநாட்டுக்காரர் கிளப்பிய கோபத்தில் பிறந்த சட்டமானாலும், வீட்டுக்குள் நடப்பதையும் அது குறிவைக்கிறது. பெற்றோர், உறவினர், ஆசிரியர் போன்று நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்தால் கூடுதல் சிறைத் தண்டனை உண்டு. வேறு ஆதாரத்தின் துணை இல்லாவிட்டாலும் குழந்தையின் சாட்சியத்தை மட்டும் வைத்தே நீதிமன்றம் தண்டிக்கலாம் என்கிறது. ‘சின்னப் பிள்ளை, என்னமோ உளறுது’ என்று தள்ளிவிடும் பழைய வழக்கத்துக்கு எதிரான ஏற்பாடு இது.

வளர்ந்தவர்கள் கவனிக்க வேண்டிய வரம்பு ஒன்றும் உண்டு. குற்றச் சட்டம் பின்னோக்கிப் பாயாது. 2017-க்கு முன் நடந்தவற்றுக்கு அந்தக் காலத்தில் இருந்த தண்டனைச் சட்டமே பொருந்தும். இந்தியாவிலும் போக்சோ நடைமுறைக்கு வந்த 2012 நவம்பருக்கு முந்தியவை பழைய சட்டத்தின் கீழேயே வரும். ஆதாரம் திரட்டுவதும் காலம் போகப் போகக் கடினமாகும். பேசும் எல்லோரும் வழக்கைத் தேடி வருவதில்லை. பலருக்குத் தங்களை நம்பும் குடும்பம் கிடைத்தாலே போதும்.

ஆனால் அன்று வன்முறை செய்தவர் இன்னமும் உயிரோடு, வேறு பிள்ளைகள் புழங்கும் வீட்டில் இருந்தால் விஷயம் வேறு. ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளாவதாக நம்பக் காரணம் இருந்தால் குடும்பத்தினர் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது மலேசியாவின் 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்திலேயே கடமையாக எழுதப்பட்டிருக்கிறது. சட்டம் 792-இன் கீழ்க் குற்றம் நடப்பதை அறிந்தும் தகவல் தராதவருக்கு 5,000 ரிங்கிட்வரை அபராதம் விதிக்கலாம். அந்தக் குழந்தையைப் பற்றிப் போலீசிடமோ சமூகநலத் துறையிடமோ, 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணிலோ சொல்லலாம். நாற்பது வயதில் வாய் திறந்த பெண் அன்றைக்குச் சொல்லும் பெயரும் இடமும், அந்த வீட்டில் இப்போது ஏழு வயதில் இருக்கும் பிள்ளையைப் பற்றி யாருக்கும் கிடைக்கும் முதல் தகவலாக இருக்கலாம். அதனால் அவளைக் கேட்டு முடித்ததும் குடும்பம் பார்க்க வேண்டிய அடுத்த வேலை, இன்று மாலை அந்தப் பிள்ளை யாரிடம் விடப்படுகிறது என்பதுதான்.